வேலாயி அத்தைக்கு ஒரு வாக்கியம்

வெட்கப்படுகிறேன் என்பதற்கு இங்கிலீசில் 'அஷேம்ட்' என்று ஒரு வார்த்தை உண்டென்று எனக்கு வெகுகாலம் தெரியாது. அது இருந்த அகராதிப் பக்கம் ஹட்டன் டவுனில் மக்பூல் நானா கடையில் யாருக்கோ சீனி மடித்துக் கொடுத்த கடதாசியாகப் போய்விட்டது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வார்த்தை தெரியாதவனுக்கு வெட்கம் வராதா என்ன? வந்தது. வரவேண்டிய நேரத்தில் வராமல், எல்லாம் முடிந்தபிறகு வந்து உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்து போகவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. பேர் அழகன். பேரைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அப்போதே நிறைய. இலங்கை மலைநாட்டில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. டவுன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன் என்று தலைக்கனம் வேறு. காலுக்குச் செருப்பு இல்லாவிட்டாலும் சட்டைப் பையில் பென்சில் இருக்கும்.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது மக்பூல் நானா கடையில் பழைய கடதாசிக் கட்டுக்கு நடுவே ஒரு புத்தகத்தைக் கண்டேன். இங்கிலீசு வார்த்தை, அதற்குக் கீழே அர்த்தம், அதற்கும் கீழே சாய்ந்த எழுத்தில் ஓர் உதாரண வாக்கியம். பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தை. முன்பக்கமெல்லாம் இல்லை.

"பாதி மடிச்சு முடிஞ்சுது தம்பி. மிச்சம் வேணும்னா எடுத்துட்டுப் போங்க, நான் வேற கடதாசி தேடிக்கிறேன்" என்றார் நானா.

ஆக என் இங்கிலீசு 'ஓ'வுக்கு அடுத்த 'பி' எழுத்தில்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் படித்த பூனையும் எலியும் தவிர, பெரிய வார்த்தையென்றால் பி-யிலிருந்து இஸட் வரைதான் எனக்குத் தெரியும். அதுவே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அதிகம்.

அந்த வருடம் ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை ஒன்று காலியானது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தன் ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்காருவது அதுவரை நடக்காத காரியம். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன தொரை என் பென்சிலைப் பார்த்தாரோ என்னவோ, ஒருநாள் ஸ்டோரில் என்னை நிறுத்திக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசைக் கொட்டினேன். ஐம்பது வார்த்தைக்கு அர்த்தமும் சொந்த வாக்கியமும் எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

சொந்த வாக்கியம் என்றால் சொந்தக் கையால் எழுதிய வாக்கியம் என்று நான் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்ததை அப்படியே முத்து முத்தாகக் காப்பி அடித்துக் கொடுத்தேன். சின்ன தொரை சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிட்டார்.

"சிங்கம் கர்ஜிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சிங்கத்தைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை சார்."

"பாய்மரக் கப்பல்?"

"இல்லை சார்."

ஐம்பதையும் குறுக்கே அடித்தார். கிளிப்பிள்ளைக்கு ஆபீசில் வேலையில்லை, உன் கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு வா என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நியாயமான பேச்சுத்தான். இப்போது யோசித்தாலும் அந்த மனிதர்மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அன்றையிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பரா, அதாவது ஒற்றை அறை வீட்டு, வாசல்படியில் நோட்டோடு உட்கார்ந்தேன் என்றால் லயத்தில் ஓர் ஆள் தப்ப முடியாது. சண்டை போடுவதற்கு ஒரு வார்த்தை இருந்தது. ராக்காயி குழாயடியில் சண்டை போடுகிறாள் என்று எழுதினேன். குறட்டைக்கு ஒரு வார்த்தை இருந்தது. மாயாண்டி கங்காணி பஜனையில் குறட்டை விடுகிறார். வழுக்குவதற்கு, நடுங்குவதற்கு, கொட்டாவிக்கு, எல்லாவற்றுக்கும் எங்கள் லயத்திலேயே ஆள் இருந்தது. சிங்கத்தைத் தேடிக்கொண்டு போயிருந்தேனே, மடையன்!

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. தொரை வாசிக்கப்போகிற நோட்டில் பேர் வருகிறதென்றால் சும்மாவா? ஒருத்தர் மிச்சமில்லாமல் வந்தார்கள்.

"என்னையச் சண்டைக்காரின்னா எழுதுன? நல்லா எழுதுன போ. தொரைக்கும் தெரிஞ்சிருக்கட்டும், அப்பத்தான் பயம் இருக்கும்" என்றாள் ராக்காயி. அவள் இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள், வாய் ஓயாதவள்.

மாயாண்டி கங்காணி முதலில் மீசையை முறுக்கினார். பிறகு தனியாக வந்து, "தொரை படிச்சா சிரிப்பாராடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐம்பதாவது வார்த்தைக்கு வந்தபோதுதான் வேலாயி அத்தை வந்தாள்.

அடுத்த காம்பரா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. புருசன் செத்துப் பத்து வருடம். ஒரே மகள் லெட்சுமியை வட்டவளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் பிறந்த நாளிலிருந்து என்னை 'மருமகனே' என்றுதான் கூப்பிடுவாள். பெண் கொடுக்க இன்னொரு மகள் இல்லையே அத்தை என்றால், "இருந்தாலும் ஒனக்குக் குடுக்க மாட்டேன்டா, மூஞ்சியப் பாரு" என்பாள்.

அத்தைக்குக் கண் தெரியாது. இரண்டு வருடமாகக் கண்ணில் பூ விழுந்து, வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். ஆனால் அத்தைக்குக் கண் தெரியாது என்ற இந்த வாக்கியத்தை எங்கள் லயத்தில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் காற்றில் போய் ஆபீசுக்குள் விழுந்துவிடும் என்ற பயம். பேரை வெட்டினால் காம்பராவும் போகும், பிறகு மருமகன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். லெட்சுமியின் புருசனுக்கு அத்தையைக் கண்டால் ஆகாது. "செத்தாலும் அவன் சோத்துக்குப் போய் நிக்க மாட்டேன்" என்று அத்தை சொல்லாத மாதம் இல்லை.

அதனால் மலையில் ராக்காயி எப்போதும் அத்தைக்குப் பக்கத்துத் தேயிலைச் செடி நிரையில்தான் நிற்பாள். ஓயாமல் பேசுவாள். "போன வருசம் இந்தக் கானுலதானேக்கா நான் விழுந்தேன்" என்றால், முன்னால் தண்ணீர்க் கான் இருக்கிறது, தாண்டு என்று அர்த்தம். "கங்காணி இன்னைக்கு வெத்தலய மாத்திட்டாரு" என்றால் மாயாண்டி கிட்டே வருகிறார் என்று அர்த்தம். மாயாண்டிக்கும் தெரியும். தெரிந்தே, அத்தையின் நிரையைப் பார்க்கும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பி எச்சில் துப்புவார். கொழுந்தில் குறையும் இல்லை. இரண்டு இலையும் மொட்டும் விரல் நுனிக்குத் தெரியாதா? கண் இருப்பவள் முற்றலையும் சேர்த்துக் கிள்ளுவாள், அத்தை கூடையில் ஒரு முற்றல் இருக்காது.

"மருமகனே, ஊரையே எழுதிட்டியாம். என்னைய எழுதலையா?" என்று படியில் உட்கார்ந்தாள் அத்தை.

"எழுதுறேன் அத்தை, ஒரு வார்த்தைதான் பாக்கி."

அந்த ஒரு வார்த்தை 'ப்ரிடெண்ட்'. இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது. புத்தகத்தில் உதாரணத்துக்கு ஒரு நரி செத்ததுபோல நடித்துக்கொண்டு கிடந்தது. எனக்கு நரி உதவாது. ஒரு வாரமாக இந்த வார்த்தைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என் முகத்துக்கு அரையடி தள்ளி, கதவு நிலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுதிவிட்டேன்.

'வேலாயி ப்ரிடெண்ட்ஸ் டு சீ.' வேலாயி பார்ப்பதுபோல நடிக்கிறாள். நாலே வார்த்தை. எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஐம்பதில் அதைப்போல ஒன்று அமையவில்லை. என்ன பாவம் செய்கிறோம் என்று தோன்றாமல், எவ்வளவு நன்றாக எழுதிவிட்டோம் என்று மயிர்க்கூச்செடுத்தது எனக்கு. தூ!

"என்ன எழுதுன?"

"வேலாயி நல்லா கொழுந்து எடுக்கும்னு எழுதியிருக்கேன் அத்தை."

"அடேயப்பா! இங்கிலீசுலயா!" என்று என் தலையைத் தடவ வந்த கை தோளில் பட்டது. தோளையே தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சின்ன தொரை நோட்டை ஆபீசில் வைத்தே படித்தார். மாயாண்டியின் குறட்டைக்குச் சத்தமாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது நீ பார்த்ததா, சும்மா எழுதியதா?"

சும்மா எழுதியது சார் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. சொன்னால் மறுபடியும் கிளிப்பிள்ளை, மறுபடியும் ஸ்டோர் மேல்மாடி. அந்தக் கணத்தில் விளைவு எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெரியும். நன்றாகத் தெரியும்.

"பார்த்தது சார்."

அவர் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய சரி ஒன்று போட்டு, மிக நன்று என்றும் எழுதினார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. சின்ன தொரைக்கும் மேலான பெரிய தொரை, நோட்டு விஷயம் காதுக்கு எட்டி, தமிழில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். எந்த மலை என்று நான் கேட்கவில்லை. பெரிய தொரை கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். அன்றைக்கு அதைக் காரிலேயே வைத்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நேராக அத்தையின் நிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"என் கையில் என்ன இருக்கிறது என்று கேள்" என்றார்.

"தொரை கையில என்ன இருக்குன்னு கேக்குறாரு" என்றேன்.

அத்தை முகம் மலர்ந்துபோயிற்று. "அட, மருமகன் கொரலா! தொரையோட வந்துட்டியா?" என்றாள். பக்கத்தில் ராக்காயி வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தை, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "பிரம்புங்க தொரை" என்று சொல்லிவிட்டாள்.

ராக்காயி திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். மாயாண்டி கங்காணி வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொப்பி என்று ஒரு தடவை இருமியிருந்தால்கூடப் போதும், அத்தை பிடித்துக்கொண்டிருப்பாள். நான் இருமவில்லை.

சரிவில் விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது என்று பெரிய தொரை திரும்பி வரும்போது சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் வேலையாட்கள் பேர் எழுதிய செக்ரோலை எடுத்து, ரூல்தடி வைத்து, வேலாயி என்ற பேருக்கு மேல் கோடு போட்டேன். ஆபீசில் நான் செய்த முதல் வேலை அதுதான். கோடு நேராக இருக்கிறது என்றார் பெரிய கிளாக்கர்.

காம்பராவை மாதக் கடைசிக்குள் விடவேண்டும் என்று ஆயிற்று. லயமே கொதித்தது. எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான், அவன் கை விளங்காமல் போக என்று ராக்காயி குழாயடியில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். கடைசியில் பழி மாயாண்டி கங்காணிமேல் விழுந்தது. தொரையோடு அடிக்கடி பேசுகிற ஆள் அவர்தானே. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார் பாவம். ஒருவரும் நம்பவில்லை. அத்தையும் நம்பவில்லை. மாயாண்டியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் ஒரு வருடம் பிடித்தது. அவர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.

கோடு போட்ட மறுநாளே அத்தை சுவரைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மருமகனே, நீ அந்த நோட்ட தொரைகிட்ட காட்டுனியா? வேலாயி நல்லா கொழுந்து எடுக்கும்னு எழுதியிருக்கேல்ல? நம்ம வாயால சொன்னாத்தான் நம்ப மாட்டாங்க. இங்கிலீசுல இருக்கே, நம்புவாங்கல்ல?"

"காட்டுனேன் அத்தை."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

பாக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி அத்தை பதினொரு நாள் கூடையை மாட்டிக்கொண்டு காலைப் பெரட்டுக்குப் போனாள். பேர் கூப்பிடும்வரை நிற்பாள். எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடிந்ததும் திரும்பி வருவாள். ஆபீசு சன்னலிலிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் தெரியும். நான் சன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் ஹட்டன் ஸ்டேசன்வரை அத்தையைக் கொண்டுபோய் விட்டவன் நான். ராக்காயிக்கு லீவு இல்லை. எனக்கு இருந்தது, கிளாக்கராயிற்றே. ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை. கூடையையும் விடாமல் எடுத்து வந்திருந்தாள். வட்டவளை ஸ்டேசனில் லெட்சுமி வந்து நிற்பாள். பெஞ்சியில் உட்காரவைத்தேன். அத்தை அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் அவன் வீட்டுல சும்மா உக்காந்து திங்க மாட்டேன் மருமகனே" என்றாள். "வட்டவளையிலயும் மல இருக்கு, தொரை இருக்காரு. லெட்சுமிய கூட்டிட்டுப் போய் நிக்கப்போறேன். நீ என்னையப் பத்தி எழுதுனத ஒருக்கா இங்கிலீசுல சொல்லு. மனப்பாடம் பண்ணிக்கிறேன். அந்தத் தொரைகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயில் வந்தது அதுதான். எத்தனை நாள் ரசித்துப் படித்த வாக்கியம்.

"வேலாயி ப்ரிடெண்ட்ஸ் டு சீ."

"வேலாயி..." அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "வேலாயி ப்ரிடென்சு டூ சீ. எம்பேரு அப்படியே வருதே! வேலாயி ப்ரிடென்சு டூ சீ." விரலை மடக்கி எண்ணினாள். நாலாவது தடவை பிசகில்லாமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த எவனுக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. "சரியா மருமகனே? தொரைக்கு வெளங்குமா?"

விளங்கும். நன்றாகவே விளங்கும். வட்டவளையில் ஏதோ ஒரு தொரை முன்னால் கூடையோடு போய் நின்று, தன் வாயாலேயே இதைச் சொல்லப்போகிறாள்.

"அத்தை, அதச் சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். ப்ரிடெண்ட் என்றால் என்ன, சீ என்றால் என்ன, சின்ன தொரை என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாம் சொன்னேன். பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மாயாண்டி இல்லையா?" என்றாள். "சூடம் அணைச்சாரே மனுசன். நான் வரும்போது ஒரு வார்த்த சொல்லிக்காம வந்துட்டேனே."

ரயில் வருகிற சத்தம் கேட்டது. எனக்குப் பதற்றம். ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும் என்று வெறி. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, இதச் சொல்லுங்க. வேலாயி ப்ளக்ஸ் குட் லீஃப். வேலாயி நல்லா கொழுந்து எடுக்கும்னு அர்த்தம். சத்தியமா அதான் அர்த்தம். ஒருக்கா சொல்லிப் பாருங்க அத்தை, ப்ளக்ஸ் குட் லீஃப்..."

அத்தை கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கூடைக் கயிற்றைத் தேடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். என் முகம் இருக்கும் பக்கமாகச் சரியாகத் திரும்பினாள்.

"இது மட்டும் நெசம்னு எனக்கு எப்படிங்க தெரியும், கிளாக்கரய்யா?"